கத்திரி முடியட்டும்

எங்கள் வீட்டுக் கீழறையில் பள்ளிச் சீருடைத் துணிக் கட்டுகள் இருந்தன. மேலே, சிமெண்ட் ஷீட் போட்ட மாடி அறையில் என் அக்கா இருந்தாள். துணி குளிர்ச்சியாக இருந்தது. நானும் எத்தனையோ முறை மாற்றி எழுதிப் பார்த்துவிட்டேன், இப்படித்தான் வருகிறது.

செஞ்சிக் கடைவீதியில் எனக்குத் துணிக்கடை. வீடு பின்தெருவில். நைனா இறந்த பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். என் கடையில் துணி எடுப்பவர்கள் அப்படியே வீட்டு மாடியேறி அக்காவிடம் அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். சொல்லப்போனால் சிங்கவரத்திலிருந்தும் வல்லத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்தவர்கள் அவளுடைய தையலுக்காகத்தான் வந்தார்கள், என் துணிக்காக இல்லை. பள்ளி திறப்பதற்கு முந்தைய மாதம் அவளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கத்திரி வெயிலும் அந்த மாதம்தான்.

எங்கள் ஊரில் வெயில் மேலேயிருந்து மட்டும் வருவதில்லை. சுற்றிலும் குவிந்து கிடக்கும் பாறைகள் பகலெல்லாம் வாங்கியதைச் சாயங்காலம் திருப்பித் தரும். முன்பெல்லாம் கத்திரியில்தான் அந்த அனல். இப்போது மாசி முடியும் முன்பே தொடங்கிவிடுகிறது. அக்கா அதற்குத் தகுந்தபடி தன் நாளையே பிரித்துத் தைத்துக்கொண்டாள். விடிவதற்கு முன்பே மிஷினில் உட்காருவாள். மாடித் தொட்டித் தண்ணீர் பத்து மணிக்கே கொதிக்கும் என்பதால் காலையிலேயே நான்கு பக்கெட் பிடித்துக் கட்டிலுக்கு அடியில் வைப்பாள். ஜன்னலில் ஈரக் கோணி தொங்கும். தைத்ததை இஸ்திரி போட மட்டும் கீழே நடைக்கு வருவாள்.

"ஒரு அடுப்புக்குள்ள இன்னொரு அடுப்பு எதுக்குடா" என்பாள்.

என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பங்குனியில் கேட்டாள்.

"தம்பி, இந்த வாட்டி ஷீட்டுக்கு மேல கீத்துப் பந்தல் போட்டுடுடா. மண்டை காயுது."

கல்யாண சீசன். கடையை விட்டு நகர முடியவில்லை. சித்திரையில் மறுபடி கேட்டாள். அதையும் தள்ளித் தள்ளி, கடைசியில் ஒருநாள் பந்தல்காரரை அழைத்துவந்து காட்டினேன். சுவரில் துளை போட்டு இரும்புப் பைப் நிறுத்த வேண்டும், ஒரு நாள் வேலை, என்றைக்கு வரட்டும் என்று கேட்டார். காலண்டரைப் பார்த்தேன். கத்திரி பிறந்துவிட்டிருந்தது. கத்திரியில் எங்கள் குடும்பத்தில் வீட்டு வேலை தொடங்க மாட்டோம். தொடங்கினால் வீட்டுக்கு ஆகாது என்று ஆணிகூட அடிக்க விடமாட்டார் நைனா.

"கத்திரி முடியட்டும்ண்ணே" என்றேன்.

"அதுக்குள்ள நான் கருவாடாயிடுவேன். வந்து வறுத்துக்க" என்றாள் அக்கா. பந்தல்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவ்வளவு சாஸ்திரமெல்லாம் கிடையாது. அதே கத்திரியில்தான் புதுச் சரக்கு இறக்கினேன். கட்டுகளைக் கீழறையில் கூரை முட்ட அடுக்கினேன். அவளைக் கீழே வந்து தைக்கச் சொன்னால் அத்தனையையும் நகர்த்த வேண்டும். சோம்பல். கத்திரி எனக்கு நல்ல சாக்காகக் கிடைத்தது.

கத்திரி முடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது. அன்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை. மதியம் சாப்பிட வந்தவன் மாடிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். அக்கா மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், கையில் ஒரு சின்னச் சட்டை. சோற்றைத் தொட்டிருக்கவில்லை. முகத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. பரவாயில்லை, இன்றைக்குப் புழுக்கம் குறைவு போல என்று நினைத்துக்கொண்டேன்.

"நைனா சாப்டாரா?" என்று கேட்டாள்.

நைனா போய் ஒன்பது வருடமாகிறது. நான் வரவர நைனா மாதிரியே அதிகாரம் பண்ணுகிறேன் என்று அவள் கிண்டலடிப்பது வழக்கம். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

"சாப்டாரு, சாப்டாரு. நீ சாப்டு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன்.

நான்கு மணிக்குத் திரும்பியபோது மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தாள். தொட்ட கை சுட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்த பக்கெட் தண்ணீரையெல்லாம் அவள்மேல் கொட்டினேன். அக்கா, அக்கா என்று கத்தினேன். ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் போய்விட்டாள். வெயில் தாக்கியிருக்கிறது, வியர்வை நின்று, பேச்சு தடுமாறியபோதே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். மெதுவாகத்தான் சொன்னார். என்னைத் திட்டியிருக்கலாம்.

மறுநாள் பத்து மணிக்கு மேல்தான் அவளை எங்களிடம் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வாசலில் பந்தல் நின்றிருந்தது. வெளிச்சுவரில் புதிதாகத் துளை போட்டு, பைப் நிறுத்தி, கீற்று வேய்ந்திருந்தார்கள். துக்கத்துக்கு வருகிறவர்கள் வெயிலில் நிற்கக்கூடாதே. தெருவே கூடியிருந்தது. கத்திரியாச்சே என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பந்தல்காரர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"மாடிக்குன்னு எடுத்து வெச்சிருந்த கீத்துதாம்பா."

அக்காவைப் பந்தலுக்கு அடியில் பெஞ்சில் கிடத்தினோம். வெளியே தார் ரோடு உருகிக்கொண்டிருந்தது. உள்ளே நல்ல நிழல். நான் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.