பாதி வெளியே போகும் பந்து

இரவு ஷிப்ட் பார்க்கிறவனுக்கு உள்ளூரில் நடக்கிற எதுவும் நேரடியாகக் கிடைக்காது. அமெரிக்காவில் நடப்பதுதான் கிடைக்கும். ஊர்த் தேர் நகரும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். கிரிக்கெட்டில் கடைசி ஓவர் போடும்போது பனியன் துணி பின்னுகிற மெஷினில் நூல் மாட்டிக்கொண்டிருப்பேன். ஆனால் அங்கே சாயங்காலம் ஆரம்பிக்கிற கூடைப்பந்து ஆட்டம், இங்கே அருள்புரத்தில் விடியற்காலையில் என் கைக்கு வந்துவிடும். அப்படித்தான் நான் ரசிகனானேன். பேசக் கூட ஆள் இல்லாத ஏதோ ஒரு விளையாட்டுக்கு நீங்களும் ரசிகராக இருக்கலாம். செஸ்ஸோ, கார் ரேஸோ. நம் கஷ்டம் நமக்குத்தான் புரியும். இப்படி யாருக்கும் உதவாமல் சேர்த்துவைத்த அரைகுறை அறிவை நம்பி, ஒரு அம்மா தன் மகளின் படிப்பையே என்னிடம் கொண்டுவந்து வைத்தார். அதற்கு முன்னால் மற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

நானாகப் படித்தது

எனக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்தது கபடி. அதிலும் ஆள் பற்றாவிட்டால்தான் என்னைக் கூப்பிடுவார்கள். ஒரு விடியற்காலை, தூக்கத்தை விரட்டுவதற்காகப் போன் திரையை விரலால் தள்ளிக்கொண்டே போனபோது, நெட்டை நெட்டையாகப் பத்துப் பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். விரல் நின்றுவிட்டது. கமென்ட்ரி இங்கிலீஷில்; அதுவும் மெஷின் சத்தத்தில் கேட்காது. அதனால் விதிகளை நானே யூகித்துக்கொண்டேன். இடிபட்டு விழுந்தவனை எழுப்பி, தனியாக நிற்கவைத்துப் பந்து போடச் சொல்கிறார்களே, அது இடித்தவன் டீமுக்குத் தண்டனை என்று தெரியாமல், விழுந்ததற்கு ஆறுதல் பரிசு என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். தூரத்திலிருந்து போட்டால் மூன்று பாயிண்ட், கிட்டத்திலிருந்து போட்டால் இரண்டு என்பதை ஸ்கோர் ஏறுவதைப் பார்த்தே கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த அன்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சுற்றிலும் மெஷின்கள்தான்.

நூல் அறுந்தால் மெஷினில் சிவப்பு விளக்கு எரியும், மெஷின் தானாக நிற்கும். அந்த தைரியத்தில் ஒரு கண் விளக்கிலும் ஒரு கண் போனிலும் வைத்திருப்பேன். ஆனால் ஊசி கெட்டுப்போனால் விளக்கு எரியாது. துணியில் வரிசையாக ஓட்டை விழுந்துகொண்டே போகும். ஒருநாள் அப்படித்தான் ஆனது. சூப்பர்வைசர் துரைசாமி திட்டவில்லை. துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஓட்டை வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஏனுங்க, அந்தப் பந்த இதுக்குள்ளயும் போடலாமாட்ட இருக்குதுங்களே!"

எத்தனை விக்கெட்?

கம்பெனி கேட்டுக்கு எதிரே ஆறுமுகம் அண்ணாச்சியின் டீக்கடை. தென்காசிப் பக்கத்துக்காரர். எனக்கு 'பாஸ்கெட்டு' என்று பெயர் வைத்தவர் அவர்தான். பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில் வடை வைக்காமல் எனக்காக எடுத்துவைத்திருப்பார். அதில் முக்கால் பக்கம் கிரிக்கெட். மிச்சத்தில் கபடியும் பேட்மின்டனும். எங்கள் ஆட்டம் என்றைக்காவது வந்தால் அடியில், டெண்டர் விளம்பரத்துக்கு மேலே, நாலு வரி. நான் ஸ்கோர் சொன்னால் தினமும் ஒரே கேள்விதான் கேட்பார்: "அது எத்தனை விக்கெட்டுக்கு?"

ஒருநாள் கடையில் ஆளில்லை. என் போனை வாங்கிக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அவருக்கும் பிடித்துவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தோஷம். கடைசியில் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஏ பாஸ்கெட்டு, கூடைன்னு பேரு வச்சிட்டு அடியில ஓட்டைய விட்டிருக்கானுவளே. போடுறதெல்லாம் கீழ விழுந்திருது, பொறவு என்னத்தைச் சேத்தானுவ?"

பச்சை ஜெர்சிக்காரர்

நம் ஊர்ப் பக்கம் அந்த ஆட்டத்தின் ஜெர்சியை எங்கும் பார்க்கலாம். கம்பெனிகளில் ஏற்றுமதிக்குத் தைத்ததில் தையல் கோணிய ரிஜெக்‌ஷன் பீஸ் ரோட்டோரக் கடைக்கு வந்துவிடும். வாங்கிப் போட்டுக்கொள்கிறவருக்கு முதுகில் யார் நம்பர் இருக்கிறது என்று தெரியாது. எனக்கு மட்டும் அதைப் பார்த்தால் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல இருக்கும்.

சாமளாபுரம் போகிற வழியில் ஒருநாள், மொபெட்டில் பால் கேன் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல். என் டீமின் பச்சை ஜெர்சி. முந்தின நாள்தான் அந்த டீம் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைக் கடைசி நிமிடத்தில் தோற்றிருந்தது. துக்கம் விசாரிக்கிற மாதிரி பக்கத்தில் போய், "நம்ம டீமு இப்படிப் பண்ணிட்டாங்களேங்க" என்றேன். அவர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். "இதுங்களா? இது பால் கறக்கப் போறப்ப போட்டுக்கறதுங்க. நல்லாக் காத்து வருது. வேற ஒண்ணுந் தெரியாதுங்க."

ஓய்வு

எனக்கும் அபிப்பிராயங்கள் உண்டு. இப்போது எல்லோரும் தூரத்திலிருந்தே பந்தை எறிகிறார்கள். கூடைக்குக் கீழே புகுந்து முட்டி மோதி ஆடுகிற ஆட்டம் குறைந்துவிட்டது என்பது ஒன்று. இன்னொன்று, காயம் எதுவும் இல்லாத பெரிய ஆட்டக்காரனை 'ஓய்வு' என்று பெஞ்சில் உட்காரவைப்பது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கினவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பான். இவன் கோட் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பான். ஆரம்பத்தில் கோபம் வந்தது. பிறகு, உடம்பு கெடுவதற்கு முன்னாலேயே ஓய்வு கொடுக்கிற ஒரு கம்பெனி உலகத்தில் இருக்கிறதே என்று ஆச்சரியம் வந்தது. இதை துரைசாமியிடம் கொஞ்சம் உள்நோக்கத்தோடுதான் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அவனுக்குப் பதிலுக்கு பெஞ்சுல ஆள் உக்காந்திருக்குதுங்க. உங்களுக்குப் பதிலுக்கு யாருங்க உக்காந்திருக்கறது?"

மகேஸ்வரியின் கேள்வி

இனி அந்த அம்மா. மகேஸ்வரி எங்கள் கம்பெனியில் செக்கிங். நான் வெளியே வந்து அரை மணி கழித்து உள்ளே போகிறவர். ட்யூப் லைட்டுக்குக் கீழே டீஷர்ட்டை விரித்துப் பார்த்து, தப்பு இருக்கிற இடத்தில் சின்னதாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. வருஷக்கணக்காக அதைச் செய்ததில், டீக்கடையில் நிற்கும்போதுகூட முன்னால் நிற்கிறவர் சட்டையில் தையல் விட்டிருக்கிறதா என்றுதான் அவர் கண் போகும்.

அவர் மகள் திவ்யா பன்னிரண்டாவது படிக்கிறாள், பள்ளிக்கூட டீமில் கூடைப்பந்து ஆடுகிறாள். கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றின் கோச் அவளைப் பார்த்துவிட்டு, விளையாட்டுக்கான சீட்டும் ஹாஸ்டலும் தருகிறோம், திங்கட்கிழமை பதில் சொல்லுங்கள் என்றிருக்கிறார். அந்த சீட் இல்லாவிட்டால் பரீட்சை முடிந்ததும் அவளும் இங்கே அம்மாவுக்குப் பக்கத்து டேபிளுக்கு வர வேண்டியதுதான். தறி ஓட்டுகிற அப்பா, நீயே பார்த்துச் சொல் என்று மகேஸ்வரியிடம் விட்டுவிட்டார். மகேஸ்வரி ஒரு ஆட்டத்தைப் போய்ப் பார்த்திருக்கிறார். பார்த்த நாளிலிருந்து தூக்கமில்லை. "ஏனுங்ண்ணா, உங்களுக்குத்தான் இந்த வெளையாட்டுத் தெரியும்னாங்க. என்ற புள்ள போடற பந்துல பாதி வெளிய போகுதுங்க. எங்க டேபிள்ல நூத்துக்கு நாலு பீஸு போனாலே நிக்க வெச்சுக் கேக்கறாங்க. பாதியக் கெடுக்கறவளுக்கு எதுக்குங்க சீட்டு?"

பெஞ்சில் ஒட்டிய அம்புகள்

எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. "அம்மிணி, உலகத்துலயே பெரிய ஆட்டக்காரனும் பாதிதான் போடுவான்" என்றேன். நம்பவில்லை. சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். மறுநாள் அரை மணி முன்னதாக வரச் சொன்னேன். டீக்கடை பெஞ்சில் சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்துவைத்து, மஞ்சள் ஜெர்சியில் இருந்த, அந்த அமெரிக்க லீக்கின் பெரிய நட்சத்திரத்தைக் காட்டினேன். "உங்க வேலையச் செய்யுங்க. இவன செக் பண்ணுங்க."

மகேஸ்வரி பையிலிருந்து அம்பு ஸ்டிக்கரையே எடுத்துவிட்டார். அவன் போட்டது வெளியே போகப் போக, பெஞ்சில் ஒவ்வொன்றாக ஒட்டினார். உள்ளே விழுந்தது அவர் கணக்கில் வரவே இல்லை. அது செக்கிங் பழக்கம். கொஞ்ச நேரத்தில் பெஞ்சே சிவந்துவிட்டது. "இவனுக்கா கோடி கோடியாச் சம்பளம்? இந்த பீஸ இங்க யாரு பாஸ் பண்ணுனது?" என்றார். அண்ணாச்சி டீயை வைக்க இடமில்லாமல் நின்றார். அப்புறம் மகேஸ்வரி ஒட்டுவதை நிறுத்திவிட்டு, முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுபோனார். அவன் இன்னொன்றைத் தவறவிட்டிருந்தான். கூட ஆடுகிறவன் முதுகில் தட்டிவிட்டு ஓடினான், ஓரத்தில் நின்ற கோச் கைதட்டிக்கொண்டிருந்தார். "அண்ணா, தப்புப் பண்ணுனவன அங்க ஏனுங்க ஒருத்தருமே நிக்க வெச்சுக் கேக்க மாட்டேங்கறாங்க?"

பல்லடத்தில் ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை பல்லடத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் திவ்யாவுக்கு ஆட்டம். மகேஸ்வரி என்னையும் வரச் சொன்னார். போன பிறகுதான் நினைவு வந்தது, நான் கூடைப்பந்தை நேரில் பார்த்ததே இல்லை. சிமென்ட் தரையில் பந்து விழும் சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. ரீப்ளே கிடையாது. யார் கையில் பந்து என்று தெரிவதற்குள் அது வேறெங்கோ இருந்தது. நல்லா ஆடறாளா என்று மகேஸ்வரி கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை.

திவ்யா ஒல்லி, ஆனால் வேகம். முதலில் தூரத்திலிருந்து போட்டாள், விழுந்தது. அடுத்தது வெளியே. அடுத்ததும், அதற்கடுத்ததும் வெளியே. பிறகு வழி திறந்து கிடந்தும் போடாமல், பக்கத்தில் இருந்தவளுக்குத் தள்ளிவிட ஆரம்பித்தாள். இது ஏதோ தந்திரம் என்று என் ரசிக மூளை சொன்னது. அப்புறம்தான் கவனித்தேன்: ஒவ்வொரு முறையும் அவள் எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்க்கிறாள். திரும்பினேன். மகேஸ்வரியின் இடது கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கி, சிவப்பு அம்புகள் ஏறிக்கொண்டிருந்தன.

"அம்மிணி, உங்க கையப் பாத்துட்டுத்தான் புள்ள போட மாட்டேங்குது."

மகேஸ்வரி தன் கையை வேறு யாருடைய கையோ மாதிரி பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகப் பிய்த்தார். குப்பை போட அவருக்கு மனம் வராது. என் சட்டைக் கையில் ஒட்டிவிட்டார். அடுத்த தடவை பந்து திவ்யாவிடம் வந்தது. போட்டாள். வளையத்தில் பட்டு வெளியே போனது. மைதானத்தில் இரண்டு கைகள் மட்டும் தட்டின. எதிர் டீமுக்குக் கைதட்டுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் முறைத்தார்கள். மகேஸ்வரி நிறுத்தவில்லை. திவ்யா ஒரு நொடி நின்று பார்த்துவிட்டு ஓடினாள். அதற்கப்புறம் அவள் யாரையும் பார்க்கவில்லை. பந்து கிடைத்தபோதெல்லாம் போட்டாள். சிலது விழுந்தது, சிலது போனது. கடைசிப் பந்தும் அவள் போட்டதுதான். வளையத்தைச் சுற்றிச் சுற்றி வந்து வெளியே விழுந்தது. தோற்றுவிட்டார்கள். அழுதுகொண்டே வந்த மகளின் முகத்தை மகேஸ்வரி முந்தானையால் துடைத்துவிட்டார். "பாதி வெளியதான் கண்ணு போகும். இனிமேட்டுக்கு கோயமுத்தூர்ல போயி வெளிய போடு."

அம்பு

திவ்யா இப்போது கோயமுத்தூரில் இருக்கிறாள். ஆட்டம் இருந்தால் மகேஸ்வரி போகிறார். ஸ்டிக்கரை வீட்டில் வைத்துவிட்டு. நான் பழையபடி போனில்தான் பார்க்கிறேன். ஆனால் இப்போது ஒரு பந்து வெளியே போனால், அதைப் போட்டவன் அடுத்து எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறான் என்று தேடுகிறேன். அதை எந்தக் கேமராவும் காட்டுவதில்லை.

போன வாரம் ஒருநாள் காலையில், ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது மகேஸ்வரி என்னைத் தேடிக்கொண்டு கேட்டருகே நின்றிருந்தார். மகளைப் பற்றி ஏதோ நல்ல செய்தி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனேன். கையில் ஒரு டீஷர்ட் துணி. ரோல் நம்பரைப் பார்த்து, யார் ஷிப்டில் ஓடியது என்று கண்டுபிடித்திருக்கிறார். நடுவில் ஓட்டை, ஓட்டைக்குப் பக்கத்தில் சிவப்பு அம்பு. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்: "பந்துக்குத்தாண்ணா பாதி. துணிக்கு இல்லீங்க."

ஓட்டை கூடைக்கு அடியில் இருந்தால் ஆட்டம், துணியில் இருந்தால் ரிஜெக்‌ஷன், இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் இரவு ஷிப்ட்.