மிச்சத்தையும் நானே வாசிக்கிறேன்

நாக்கில் வெள்ளை படிந்திருந்தது. துணியால் துடைத்தேன், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன், போகவில்லை. பால் குடித்த பிள்ளை மாதிரி இருக்கிறாயே என்று பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீடு) பாக்கியம் கேலி செய்தாள். நானும் சிரித்தேன். அது வாய்ப்பூஞ்சணம் (உடம்பின் பலம் குறையும்போது வாயில் வளர்வது) என்று அப்போது இருவருக்கும் தெரியாது.

அந்த மாதம்தான் கந்தப்பளைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு எச்.ஐ.வி. (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தின்னும் கிருமி) பரிசோதனைக் குழு வந்தது. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைமடுவத்தில் மேசை போட்டு இரத்தம் எடுத்தார்கள். முடிவு இரகசியம் என்றார் டொக்டர் அம்மா. நம்பிக் கையை நீட்டினேன்.

எங்கள் தோட்டத்தில் இரகசியம் என்று ஒன்று கிடையாது. தடுப்பூசியோ கம்பளியோ, எதுவானாலும் காலைப் பெரட்டில், எல்லோரும் வேலைக்குக் கூடி நிற்கும்போது, பெயர் வாசிப்பார்கள். குழு கொடுத்துவிட்டுப் போன துண்டையும் எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் கணக்கப்பிள்ளை வழக்கம்போல உரக்க வாசித்தார்.

"அந்தோனியம்மா, எட்டாம் நம்பர் லயம். எச்.ஐ.வி.க்கு ரெண்டாந்தரம் ரத்தம் குடுக்க நுவரெலியாவுக்குப் போகணும்."

ஒரே ஒரு பெயர், என்னுடையது. அவர் கெட்டவர் அல்ல, கம்பளிக்கு வாசித்தது போலத்தான் வாசித்தார். அவர் மேல் கோபமில்லை என்று எழுத ஆசைதான். இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

இரண்டாவது பரிசோதனையும் எச்.ஐ.வி. இருப்பதாகவே சொன்னது. என் மூன்று வயது மகள் ரோசிக்கும் பார்த்தார்கள். அவளுக்கு இல்லை. ஆஸ்பத்திரி நடையில் அந்தக் கடதாசியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதேன், சந்தோஷத்தில்தான். எனக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். சீனி வியாதிக்காரரை யாரும் இப்படி நிற்க வைத்துக் கேட்பதில்லை.

மறுநாள் காலை பிள்ளைமடுவத்து ஆயா செல்லம்மா அக்கா வாசலை மறித்து நின்றார்.

"புள்ளய நீயே வச்சுக்க தாயி. மத்தவங்கல்லாம் கத்துறாங்க. நான் என்னா செய்ய?"

கடதாசியை நீட்டினேன். வாங்கிப் பார்க்கவில்லை.

பிள்ளையை விட இடமில்லை என்றால் கொழுந்து எடுக்க மலைக்கு ஏற முடியாது. ஏறாதவளுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவளுக்கு லயத்தில் குடியிருக்கக் காம்பிராவும் இல்லை. என் வீட்டில் உழைக்க வேறு ஆளும் இல்லை. கிருமி என்னை முடிக்கப் பல வருடம் எடுக்கும், அந்த மூடிய கதவுக்கு ஒரு மாதம் போதும்.

ரோசியை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே பெரட்டுக்குப் போனேன். கணக்கப்பிள்ளை என் பெயரைச் சொல்லி, போக வேண்டிய மலையையும் சொன்னார். நான் நகரவில்லை.

"அன்னைக்கி எம்பேர வாசிச்சீங்கல்ல ஐயா? மிச்சத்தையும் நானே வாசிக்கிறேன். எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. எம்புள்ளைக்கு இல்ல, இந்தா கடதாசி. தொட்டா ஒட்டாது. ஒரே கோப்பையில தேத்தண்ணி குடிச்சா ஒட்டாது. புள்ளமடுவத்துல இவள எடுத்தாத்தான் நான் மலைக்கு ஏறுவேன்."

"என்னா புள்ள இது, காலங்காத்தால..." என்றார் அவர்.

பாக்கியம் கூடையைக் கீழே போட்டாள். "அவ புள்ளய எடுக்கலன்னா எம்புள்ளயும் அங்க வேணாம். நானும் ஏறமாட்டேன்."

எல்லோரும் எங்களோடு நின்றதாகக் கதை விடமாட்டேன். பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஆறு பேர் நின்றோம். கொழுந்து முற்றிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஆறு கூடை குறைந்தால் தோட்டத்தை நடத்தும் துரைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கணக்கப்பிள்ளைதான். கடைசியில் அவரே எங்களோடு பிள்ளைமடுவத்துக்கு நடந்து வந்தார். செல்லம்மா அக்கா என் முகத்தைப் பார்க்காமல் ரோசியை வாங்கிக்கொண்டார்.

பிறகு மருந்து. காலையும் மாலையும் மாத்திரை (கிருமியை அழிக்காது, பெருக விடாது). முதல் மாதம் தலைசுற்றல், கெட்ட கனவு. இதை வாசிக்கும் நீங்களும் அந்த மாதத்தில் இருந்தால், தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். எனக்கு நாக்கு தெளிந்தது, எடை கூடியது. முன்பு என் நாளைத் தோட்டத்துச் சங்கு பிரித்தது, இப்போது இரண்டு மாத்திரைகள் பிரிக்கின்றன. நடுவில் உள்ள பொழுது என்னுடையது. முன்பு பல்லைக் கடித்துப் பொறுத்ததையெல்லாம் இப்போது பொறுப்பதில்லை.

அடுத்த வருடம் குழு திரும்பி வரப்போவதாகக் கேள்விப்பட்டதும் டொக்டர் அம்மாவிடம் போய்ச் சண்டை போட்டேன். பெயர் எழுதக் கூடாது, நம்பர் போதும். முடிவை ஆளிடமே சொல்ல வேண்டும். கணக்கப்பிள்ளை கையில் ஒரு துண்டும் போகக் கூடாது. நடந்தது தங்கள் பிழைதான் என்று அவர் ஒப்புக்கொண்டார்.

பிள்ளைமடுவத்தில் மேசை போட்டார்கள். நான் பக்கத்தில் வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். மத்தியானம் வரை ஒருவரும் வரவில்லை. பிறகு, செல்லம்மா அக்கா மெல்ல வந்து என் அருகில் அமர்ந்தார்.

"எனக்கும் பாத்துக்கிறது நல்லதுன்னு தோணுது. வலிக்குமா புள்ள?"

"ஊசி வலிக்காதுக்கா. பெரட்டுல வாசிச்சதுதான் வலிச்சிச்சு. இனி எவனும் வாசிக்க மாட்டான். கைய நீட்டுங்க."

ஒரு கையை நீட்டினார். மறு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். என் பிள்ளையையும் பாக்கியத்தையும் தவிர, அந்த ஒரு வருடத்தில் தோட்டத்தில் என்னைத் தொட்ட முதல் ஆள் அவர்தான். ஊசி எடுத்த பிறகும் நான் கையை விடவில்லை.