எச்-4 விசாவில் ஒரு துணைப் பயிற்சியாளர்

நான் அமெரிக்காவின் பிளானோ நகருக்கு வந்தது எச்-4 விசாவில். மென்பொருள் வேலை பார்ப்பவரின் மனைவி. சம்பளத்துக்கு ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது. கல்லூரியில் மாநில அளவில் பாஸ்கெட்பால் ஆடிய எனக்கு, சும்மா இருப்பதுதான் பெரிய தண்டனை.

அப்போதுதான் பக்கத்துப் பூங்காவில் சிறுமிகள் அணியை விரட்டி ஓடவிட்டுக்கொண்டிருந்த கிரேக்கப் பெண்மணியைப் பார்த்தேன். அறுபது வயதிருக்கும், விசிலே தேவையில்லாத குரல். வேலிக்கு வெளியே உருண்டு வந்த பந்தை நான் திருப்பி எறிந்தேன். எறிந்த விதத்தைப் பார்த்தவர், என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு உள்ளே இழுத்துப்போட்டுவிட்டார்.

கிரீஸில் தன் ஊரில் பாஸ்கெட்பால் ஆட வந்த முதல் பெண்களில் ஒருவர் அவர். திறந்தவெளித் தார்த் தரையில் ஆடும்போது, சுற்றி உட்கார்ந்த ஆண்கள் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலை இவர்கள் மேல் துப்புவார்களாம். பிறகு அதே ஊரில் ஆண்கள் அணிக்கே பயிற்சியாளரானார். "முதல் மேட்சில் என் பையன்களே சிரித்தார்கள். இடைவேளைக்குள் நிறுத்திக்கொண்டார்கள்" என்பார்.

ஒரு வருடம் எனக்கு நல்ல பசியும் நல்ல தூக்கமுமாக ஓடியது. போட்டிக்காக அச்சடித்த சிறு புத்தகம் வந்த அன்று எல்லாம் கெட்டது. என் கணவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு அலறினார்.

"என்னம்மா இது? அசிஸ்டன்ட் கோச்னு உன் பேரைப் போட்டிருக்காங்க! கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணிட்டு உக்காந்திருக்கோம். யாராச்சும் பார்த்தா நீ வேலை பாக்கறேன்னுதான நினைப்பாங்க?"

"நான் ஒரு பைசா வாங்கலியே!"

"அதை எப்படி ப்ரூவ் பண்ணுவ?"

வீடு, அவர் வேலை, எல்லாம் என்னால் போகப்போகிறது என்று நடுங்கினேன். காரணம் சொல்லாமல் நழுவிவிடுவதுதான் நம்மவர்கள் வழக்கம். நானும் உடம்பு சரியில்லை, இனி வர முடியாது என்று சொல்லத்தான் போனேன். அந்தக் கிரேக்கப் பெண்மணியின் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை, அழுகைதான் வந்தது; அழுதபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் தன் ஃபைலைத் திறந்து ஒரு கடிதத்தை நீட்டினார். நான் ஊதியம் பெறாத தன்னார்வலர் என்று அணி நிர்வாகம் கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதம். நான் சேர்ந்த முதல் வாரத் தேதி.

"நானும் இங்கே கணவரின் விசாவில்தான் வந்தேன். ஆறு வருடம் என்னை யாரும் கோச் என்று கூப்பிடவில்லை" என்றார்.

கடிதத்தை வக்கீலிடம் காட்டினோம். "நோ ப்ராப்ளம்" என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. என் கணவரோ, "அந்த புக் இன்னும் ரெண்டு காப்பி கிடைக்குமா? ஊருக்கு அனுப்பலாம்" என்றார். வந்த கோபத்தையும் மீறிச் சிரித்துவிட்டேன்.

மறுநாள் பயிற்சிக்குப் போனேன். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து அந்தப் பெண்மணி, "கோச்!" என்று கத்தினார். யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் யாருமே இல்லை.