தலையால் அடித்தால் இரண்டு

என் தங்கை கஜந்தி வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டைகளுக்குப் பந்து எதற்கு என்று கேட்டவர்களையே மைதானத்து ஓரத்தில் நின்று கைதட்ட வைத்தாள். ஏழு பேரைச் சேர்க்கவே சிரமப்பட்ட பாலையூற்று அணியை இரண்டு வருடம் தொடர்ந்து இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனாள். பிறகு, என் தையல் மெஷின் ஊசியில் நூல் கோர்ப்பதை வென்றாள். கோப்பைகள் அலுமாரியில் இருக்கின்றன. எனக்குப் பெரியது இந்தக் கடைசி வெற்றிதான்.

எங்கள் பகுதியில் வருடாவருடம் நடக்கும் உதைபந்தாட்டப் போட்டிக்கென்று ஒரு சொந்த விதி இருந்தது. காலால் போட்டால் ஒரு கோல். தலையால் போட்டால் இரண்டு. சனம் அதைப் பார்க்கத்தான் வரும். போட்டியை நடத்துபவரும் எங்கள் பயிற்சியாளருமான இராகுலன் சேர், மைதான ஓரத்துப் பயிற்சிக் கம்பத்தில் கயிறு கட்டிப் பந்தைத் தொங்கவிட்டிருந்தார். கஜந்தி பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் இருட்டும்வரை அதை நெற்றியால் அடித்துக்கொண்டிருப்பாள். ஒருநாளும் விழவில்லை, மயங்கவில்லை, நெற்றி வீங்கக்கூட இல்லை. அதனால் யாரும் யோசிக்கவில்லை.

அம்மா கட்டாரில் வேலை செய்கிறார். வீட்டில் நாங்கள் இருவர். நான் சட்டை தைப்பேன். காலையில் மெஷினுக்கு நூல் கோர்த்துத் தந்துவிட்டுத்தான் அவள் பள்ளிக்கூடம் போவாள். பதினாறு வயதில், ஒருநாள் காலை, நூல் உள்ளே போகவில்லை.

“என்னடி, ஊசிக் காது சின்னனாப் போச்சோ?”

“இல்லையக்கா, ரெண்டு காது தெரியுது. எதுக்குள்ள விடுறது?”

இருவரும் சிரித்தோம். அடுத்த நாளும் அப்படியே நடந்தபோது நான் சிரிக்கவில்லை. அதன் பிறகுதான் மற்றவற்றைக் கவனித்தேன். வெளிச்சம் கூசுகிறது என்று யன்னலைச் சாத்தினாள். கணக்கை வாசித்து முடிப்பதற்குள் அதன் தொடக்கத்தை மறந்தாள். காற்சட்டை போடும்போது சுவரைப் பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் சுஹைரா டொக்டர் அவளைக் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். கஜந்தி உடனே சாய்ந்தாள். பேனையைக் கண்ணால் பின்தொடரச் சொன்னார். பாதியில் கண் தடுமாறியது.

“தலையால எவ்வளவு அடிப்பீங்க?”

“எண்ணினதில்லை டொக்டர். பந்து திரும்பி வரும், நானும் அடிப்பன்.”

“மயங்கி விழுந்தா ஊரே ஓடிவரும். சின்ன இடிக்கு ஆரும் வரமாட்டாங்க. ஆனா ஒவ்வொரு இடிக்கும் மூளை உள்ளுக்க ஆடும். அது அமர முந்தி அடுத்தது வந்தா, பார்வைக்கும் சமநிலைக்கும் வேலை செய்யிற நரம்பெல்லாம் தடுமாறும். ஸ்கானில ஒண்டும் தெரியாமலும் போகலாம். வளர்ற பிள்ளைக்கு அமர இன்னும் கூட நேரம் வேணும்.”

“சுகம் வருமோ?” என்று நான் கேட்டேன்.

“இப்பவே நிப்பாட்டினா, பெரும்பாலும் வரும். இதைப் பற்றி இன்னும் ஆராய்ச்சி நடக்குது. எல்லாம் தெரியும் எண்டு நான் சொல்ல மாட்டன்.”

“அப்ப பைனல்?” என்றாள் கஜந்தி.

“பைனல் அடுத்த வருஷமும் வரும் மகள்.”

கப்பல்துறை அணியுடன் நடந்த அந்த இறுதிப் போட்டியை அவள் தொப்பி போட்டுக்கொண்டு வெளியே இருந்து பார்த்தாள். எங்கள் அணி தோற்றது. “காயமில்லாத நோயாளி” என்று யாரோ பின்னால் இருந்து சொன்னது எனக்கும் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இடைவேளையில் சிறு பிள்ளைகள் வரிசையாக நின்று கயிற்றுப் பந்தை அடிப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் ஓய்வு, பிறகு தெரு முனைவரை நடை, கொஞ்சம் வாசிப்பு, மெல்ல ஓட்டம் என்று டொக்டர் சொன்ன வரிசையை அவள் தாண்டவில்லை. தினமும் ஊசியை எடுப்பாள். முடியாவிட்டால் முகம் சுளிக்காமல் என்னிடமே தருவாள். மழைக்காலம் தொடங்கிய ஒரு காலை, நான் திரும்புவதற்குள் நூல் உள்ளே போயிருந்தது.

“ஒரு காதுதான் அக்கா,” என்றாள்.

அன்று பின்னேரமே இராகுலன் சேரிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

“சேர், அந்த ரெண்டை ஒண்டாக்குங்கோ. கயித்தையும் அவிழுங்கோ.”

“என்ன பிள்ளை கதைக்கிறாய்? சனம் வாறதே அந்த ரெண்டுக்குத்தான்!”

“அப்ப இடது காலால போட்டா ரெண்டு குடுங்கோ. அதுவும் கஷ்டந்தானே, சனம் பாக்கும்.”

“எங்கட பொடியங்கள் அணி லக்சன் பிறவியிலேயே இடது காலன். அவன் சும்மா நிண்டே கோப்பையைத் தூக்கிடுவானே!”

“அவனுக்கு வலது காலுக்கு ரெண்டு.”

சேர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அவரே கம்பத்தில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தார்.

அடுத்த வருடம் கஜந்தி மீண்டும் ஆடினாள். பந்து உயர வந்தால் நெஞ்சில் வாங்கிக் காலுக்கு இறக்குவாள். இடது காலால் இரண்டு கோல் போட்டாள், அதாவது நான்கு. அதன் பிறகு மத்தியஸ்தர் பயிற்சிக்குப் போனாள். பிள்ளைகளின் ஆட்டத்தில் யாராவது தலையைப் பிடித்தால் விசில் ஊதி நிறுத்திவிட்டு, முதலில் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்கிறாளாம்.

அதுவரை அவளுடைய படிவங்களில் எல்லாம் பாதுகாவலர் என்ற இடத்தில் நான்தான் கையெழுத்து வைத்தேன். ஆட்ட அறிக்கையில் மத்தியஸ்தர் என்ற இடத்தில் அவளே, எழுத்து கோட்டிலிருந்து விலகாமல், முதன்முதலாகக் கஜந்தி என்று கையெழுத்து வைத்த நாள்: 2025 ஓகஸ்ட் 9.