என் பெயரில் வந்த இழுப்பு

எனக்கு இழுப்பு வியாதி இருந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு மார்கழியில்தான். அதுவும் என் நெஞ்சில் இல்லை.

அறுபதுகளின் கடைசியில் ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பங்கு போட்டுக்கொண்ட வீடுகள். அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் நாங்கள் தும்முவோம். பக்கத்து வீட்டுக்காரர் தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். நல்ல மனிதர். யாருக்கு என்ன உடம்பு என்று தெரிந்துகொள்வதிலும், தெரிந்ததை டாக்டர் முதல் டீக்கடை வரை சொல்வதிலும் அவருக்கு ஒளிவுமறைவே கிடையாது.

எங்களோடு சித்தப்பாவும் இருந்தார். அப்பாவின் கடைசித் தம்பி. ஸ்டோர்ஸில் டெம்பரரி வேலை. தை பிறந்ததும் மெடிக்கல். தேறினால் பெர்மனன்ட், தேறாவிட்டால் திண்டிவனத்துக்குத் திரும்பி உறவுக்காரர் மளிகைக் கடையில் புளி நிறுக்க வேண்டியதுதான். மெடிக்கலில் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பார்களாம். அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்தினார்கள். பெரியவர்கள் எதற்குத்தான் குரலைத் தாழ்த்தவில்லை என்று நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

கார்த்திகைக் கடைசியில் சித்தப்பா நடைபாதைக் கடையிலிருந்து ஒரு யோகாசனப் புத்தகம் வாங்கி வந்தார். அட்டையில் ஒரு சாமியார் தன் காலைத் தானே மாலையாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"யாருக்குடா இது?" என்றார் அப்பா.

"பையனுக்குத்தாண்ணா. ரொம்ப நோஞ்சானா இருக்கான். குளிர் காலத்துல நெஞ்சைப் பலப்படுத்தணும்."

நோஞ்சான் என்பதை மறுப்பதற்கில்லை. சட்டைக்குள் நான் இருக்கிறேனா என்று அம்மாவே சில நாள் தொட்டுப் பார்ப்பாள்.

விடியற்காலையில் பின்கட்டில் கம்பளியை விரித்து ஆரம்பித்தோம். பத்மாசனத்தில் உட்காருவது எனக்குச் சுலபமாக வந்தது, எழுந்திருப்பதுதான் வரவில்லை. உட்கார்ந்த வாக்கில் சித்தப்பா என்னை அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு போக, அம்மா முடிச்சை அவிழ்ப்பதுபோல் அவிழ்த்துவிட்டாள். சித்தப்பா சிரசாசனம் போட்ட அன்று அப்பா பல் விளக்கியபடியே வந்து பார்த்தார். "தலைகீழா நின்னா வேலை நிரந்தரமாகும்னா, வௌவாலெல்லாம் இந்நேரம் ஃபோர்மேன் ஆகியிருக்கும்" என்றுவிட்டு வாய் கொப்பளிக்கப் போனார்.

ஆனால் சித்தப்பா கண்ணாக இருந்தது மூச்சுப் பயிற்சியில்தான். புத்தகத்தில் ஏதோ கணக்குப் போட்டிருந்தது. எங்களுக்குக் கணக்கு எதற்கு, சங்கு இருக்கும்போது? குவார்ட்டர்ஸில் உலை வைப்பதும் சண்டையை முடிப்பதும் தொழிற்சாலைச் சங்கை வைத்துத்தான். சங்கு ஆரம்பித்ததும் மூச்சை இழுத்து அடக்க வேண்டும். ஓய்ந்ததும் விட வேண்டும். ஊதுகிறவர் உற்சாகமாக இருந்த நாட்களில் எனக்குக் கண் பிதுங்கியது. சித்தப்பாவுக்குப் பாதியிலேயே இருமல் வந்துவிடும். "உனக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் நடுவுல நிறுத்தினேன்" என்பார்.

இத்தனைக்கும் நான் ஒத்துழைத்ததற்குக் காரணம் பஜனை. நெஞ்சு பலப்பட்டால்தான் பனியில் அதற்குப் போகலாம் என்றிருந்தார் சித்தப்பா. பிள்ளையார் கோவிலிலிருந்து மார்கழி விடியலில் தெருத் தெருவாகப் போகும் கோஷ்டியில், ஜால்ரா போட்ட பையனின் அப்பாவுக்கு ஜபல்பூருக்கு மாற்றலாகிவிட்டது. ஜால்ரா எனக்கு வந்தது. ஜால்ராக்காரனுக்கு வெண்பொங்கலில் முதல் தொன்னை. இதற்கு மேல் ஒரு மனிதன் உயர முடியும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

முதல் வாரம் அமோகமாகப் போயிற்று. பிறகு ஒரு நாள், விபூதி பூசிக்கொண்டு ஜால்ராவோடு நிற்கிறேன். சித்தப்பா தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் நெஞ்சுக்குள் யாரோ ஓட்டைப் புல்லாங்குழல் வாசிப்பதுபோல் ஒரு சத்தம். உடனே சுவரில் தட்டல்.

"இன்னாமா, யாருக்கு இழுப்பு? இந்தாண்ட வரிக்கும் கேக்குதே."

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். சித்தப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சின்னவனுக்குத்தாங்க. பனி ஒத்துக்கலை."

"எனக்கா?" என்று கேட்க வாயைத் திறந்தேன். திறந்த வாயில் கஷாய டம்ளர் வந்து நின்றது. "குடிடா. பேசினா இழுப்பு ஜாஸ்தியாகும்" என்றாள், சுவருக்கும் கேட்கும்படி. அதே பாத்திரத்திலிருந்து சித்தப்பாவுக்கும் ஒரு டம்ளர் நகர்ந்தது. எனக்குத் துணைக்குக் குடிக்கிறார் போலும் என்று நினைத்தேன்.

பஜனை வாசலுக்கு வந்தபோது அம்மா ஜால்ராவை என் கையிலிருந்து பிடுங்கிக் கொடுத்தனுப்பினாள். அது யார் கைக்குப் போயிற்று என்றால், கம்பவுண்டர் பையன் கைக்கு. அவன் தினமும் எங்கள் வாசலில் மட்டும் கூடுதலாக நாலு தட்டுத் தட்டிவிட்டு, "இன்னா மாமே, இஸ்துகினு கீதா?" என்று விசாரித்துவிட்டுப் போனான்.

எனக்குப் பொறுக்கவில்லை. என் இருமலை வைத்தே எந்தப் பக்கம் படுத்திருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறவள் அம்மா. அவளுக்கா தெரியவில்லை? அடுப்படியில் போய் நின்றேன்.

"எனக்கு இழுப்பே இல்லம்மா. சித்தப்பாவுக்குத்தான்."

அம்மா என் வாயைப் பொத்தினாள். பிறகு காதோரம் குனிந்து, "உனக்குத்தான். இந்த மாசம் முழுக்க உனக்குத்தான். புரிஞ்சுதா?" என்றாள்.

புரியவில்லை. தலையாட்டினேன்.

தன் வீட்டு வேப்பமரத்தடியிலிருந்து எங்கள் பின்கட்டை எட்டிப் பார்த்துக் கம்பவுண்டர் தினமும் ஊக்கம் கொடுத்தார். "நல்லா இஸ்து வுடு நைனா. ஒங்க சித்தப்பாவப் பாரு, உன்னோட சேந்து அவரும் கஸ்டப்பட்றாரு." சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டார். நானும் விட்டேன். நெஞ்சில் கற்பூர எண்ணெய், கழுத்தில் மஃப்ளர், வயிற்றில் கஷாயம். ஒரு நோயாளிக்கு வேண்டிய எல்லாம் என்னிடம் இருந்தது, நோயைத் தவிர.

யோகமோ, கஷாயமோ, பனிதான் சலித்துக் குறைந்துவிட்டதோ, பொங்கல் வாக்கில் சித்தப்பா சங்கு ஓயும்வரை இருமாமல் இருந்தார். மெடிக்கல் முடிந்ததும் சேதியை முதலில் கொண்டுவந்தவர் கம்பவுண்டர்தான்.

"டாக்டர் ரெண்டு வாட்டி கொயாய வச்சிக் கேட்டாரு. ஒரு சத்தம் இல்லம்மா. கணீர்னு கீது நெஞ்சு. இனிமே பெர்மனன்ட்டுதான்" என்றார். என் முதுகைத் தட்டி, "நீயும் வுடாம பண்ணு நைனா. ஒன் நெஞ்சு இன்னும் தேறணும்" என்றார்.

வாயைத் திறந்தேன். அம்மா அதில் ஒரு கரண்டி கேசரியைப் போட்டாள். அப்பா சித்தப்பாவின் முதுகிலும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சைக்கிளைத் துடைக்கப் போனார்.

அடுத்த மார்கழி முதல் நாள், நான் கேட்காமலே அம்மா என்னை எழுப்பினாள். வெந்நீர் ஊற்றி, ஈரம் காயாத தலையோடு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். எதிர் வீடு தெரியாத பனி. கோஷ்டியில் இருந்த ஒருவர், "பையனுக்கு இழுப்பாச்சேம்மா" என்று தயங்கினார்.

"அதெல்லாம் அவனுக்குப் போயிடுச்சுங்க. கூட்டிட்டுப் போங்க."

என் கழுத்திலிருந்த மஃப்ளரையும் உருவி, உள்ளே இருமிக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் கொடுக்க எடுத்துக்கொண்டு போனாள். போன வருஷம் என்னை வாசற்படி தாண்டவிடாத பனி, இந்த வருஷம் அம்மாவுக்கு எப்படி இவ்வளவு சாதுவாகிப் போயிற்று என்று எனக்கு விளங்கவேயில்லை. அதை யோசித்துக்கொண்டே, மறுபடி என் கைக்கு வந்த ஜால்ராவைத் தட்டியதில் தெருமுனை வரை தாளம் தப்பிக்கொண்டே போயிற்று.