மஞ்சாடி மணி செல்லாமல் போன நாள்: காந்தலூரில் காசில்லாத் தோட்டத்தில் நாங்கள்

போன ஓண விடுமுறையில் நாங்கள் காந்தலூர் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என் வீட்டுக்காரர் வேலையை விடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான்.

அவர் பெயர் சிவகுமார். மாட்டுத் தீவனக் கம்பெனியில் பதினாறு வருஷமாக விற்பனைப் பிரதிநிதி. மாதக் கடைசி வந்தால் தூக்கத்தில்கூட டார்கெட், டார்கெட் என்று முனகுவார். காசே புழங்காத ஒரு தோட்டம் காந்தலூரில் இருப்பதாக ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டார். பதினொரு பேர் சேர்ந்து வாழ்கிறார்களாம். அவரவருக்குப் பிடித்த வேலையைச் செய்வார்களாம். சம்பளமும் கிடையாது, விலையும் கிடையாது. "ஏம்புள்ள, மனுசன்னா இப்படி இருக்கோணும்" என்றவர், அடுத்த வாரமே ராஜினாமாக் கடிதத்தைப் போனில் அடித்து வைத்துக்கொண்டார். எனக்குப் பள்ளியில் தற்காலிக வேலை. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். "ஏனுங்க, அதை அனுப்பறதுக்கு முன்னாடி அங்க போயி ஒரு மூணு நாள் இருந்து பார்த்துட்டு வந்தரலாமுங்க" என்றேன். திங்கட்கிழமை அனுப்புவதாகச் சொல்லிவிட்டார். எனக்கு வியாழன் முதல் ஞாயிறு வரைதான் அவகாசம்.

மகளைக் கொல்லங்கோட்டில் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, மீனாட்சிபுரத்தில் காலை 6.10 பஸ் பிடித்தோம். பொள்ளாச்சியில் மாறி, உடுமலையில் இறங்கும்போது 8.20. பஸ் ஸ்டாண்டு எதிரில் ஆளுக்கு நாலு இட்லி, ஒரு காபி, மொத்தம் நூற்றுப் பத்து ரூபாய். 8.45க்கு மூணாறு பஸ். சின்னாறு செக்போஸ்டைத் தாண்டியதும் யானை பார்க்கலாம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நாங்கள் பார்த்தது யானைச் சாணத்தையும், அதைப் படம் எடுக்க ஜன்னலுக்கு ஜன்னல் பாய்ந்தவர்களையும்தான். மறையூர் 10.40. அங்கிருந்து காந்தலூர் பதினைந்து கிலோமீட்டர், ஷேர் ஜீப்பில் ஆளுக்கு ஐம்பது ரூபாய். எங்கே இறங்க வேண்டும் என்று சொன்னதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார். "காசில்லாத் தோட்டமா? அங்க இறக்கிவிடுறதுக்கு மட்டும் நான் காசு வாங்கிருவேன் சார், கோவிச்சுக்கிறாதீக."

தோட்டத்தை நடத்துபவர் பிஜு. நாற்பது வயது இருக்கும். கொச்சியில் சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். கேட்டிலேயே ஒரு மரப்பெட்டியை நீட்டி எங்கள் இருவரின் பர்ஸையும் வாங்கிப் போட்டுக்கொண்டார். "இவிட பணம் வேண்டா சேட்டா. மனசு மதி." மனசு மட்டும் போதுமாம். என் வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. தீபாவளி போனஸ் வந்தபோதுகூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

உள்ளே ஒரு பெரிய போர்டு. வேலைகளின் பட்டியலுக்கு எதிரே விரும்பியவர்கள் பெயரை எழுதிக்கொள்ளலாம். பேஷன் ஃப்ரூட் பறிக்க ஆறு பேர். ஆட்டுக்குட்டிகளுக்குப் பெயர் வைக்க நாலு பேர். மாட்டுக் கொட்டகை, கக்கூஸ், பெரிய பாத்திரம் கழுவுவது, மூன்றுக்கும் எதிரே ஒரு பெயரும் இல்லை. மதியச் சாப்பாடு 3.45க்கு வந்தது. தட்டுகள் காய்ந்து கிடந்ததைப் பொறுக்க முடியாமல் நானே கழுவி வைத்தேன். இது மனசா, பழக்கமா என்று எனக்கே தெரியவில்லை. உப்பும் கேஸும் எங்கிருந்து வருகின்றன என்று பிஜுவைக் கேட்டேன். நல்ல மனிதர், மறைக்கவில்லை. கொச்சி ஃபிளாட்டின் வாடகை மாதாமாதம் வருகிறதாம்.

அன்று சாயங்காலம் பிஜு ஒரு கண்ணாடி ஜாடியோடு வந்தார். உள்ளே மஞ்சாடி மணி. சிவப்பாக, பொட்டு மாதிரி பளபளக்கும் விதை. யாரும் தொடாத வேலையைச் செய்பவருக்கு நன்றியின் அடையாளமாக மூன்று மணி கொடுப்பாராம். "இது பணமல்ல, சினேகம்" என்று இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கே கொட்டகையில் ஆள் நின்றது. கக்கூஸ் கழுவ இரண்டு பேருக்குள் வாக்குவாதம். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கமே போகவில்லை. காந்தலூர்க் குளிரில் எல்லோருக்கும் எது தேவை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நாலரைக்கே எழுந்து விறகடுப்பை மூட்டி, வெந்நீர் ஒரு பக்கெட்டுக்கு இரண்டு மஞ்சாடி என்று உட்கார்ந்துவிட்டார். சோப்பும் சேர்த்தால் மூன்று.

கல்பாத்தியிலிருந்து வந்திருந்த விஸ்வநாதன் சார் ரிட்டயரான பேங்க் ஆபீசர். குளிக்க மணி இல்லாதவர்களுக்கு அவர் கடன் கொடுக்க ஆரம்பித்தார். இன்று மூன்று வாங்கினால் நாளை நாலு. "என்ன சார் இது?" என்று கேட்டேன். "என்ன பண்ணச் சொல்றேள்? முப்பத்தஞ்சு வருஷப் பழக்கம். கை சும்மா இருக்க மாட்டேங்கறது" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் கையில் நாற்பத்தொரு மணி. தான் கழுவ ஒப்புக்கொண்ட பாத்திரங்களை நாலு மஞ்சாடி கொடுத்து இன்னொருவரைக் கழுவ வைத்துவிட்டு, சட்டைப் பையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அறைக்குள் போனால் மணியைப் பத்துப் பத்தாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் துண்டைப் போட்டு மூடினார்.

சனிக்கிழமை காலை கேஸ் சிலிண்டர் மாற்ற மறையூருக்கு இறங்கிய தோட்டத்து ஆள் ஒருவர், வழியில் ஒரு மஞ்சாடி மரத்தடியில் விழுந்து கிடந்ததையெல்லாம் லுங்கி மடியில் வாரிக்கொண்டு வந்துவிட்டார். வந்ததும் என் வீட்டுக்காரரிடம் வெந்நீர் கேட்டார். "எத்தனை வேணும் சேட்டா? இருபதா, முப்பதா?" அரை மணி நேரத்தில் மஞ்சாடிக்கு மதிப்பே இல்லாமல் போயிற்று. விஸ்வநாதன் சார் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். டார்கெட் முடியாத மாதக் கடைசியில் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது என் வீட்டுக்காரர் முகம். என்னிடம் சொன்னார்: "ஒருத்தரும் கேக்காமயே எனக்கு நானே டார்கெட் வெச்சுக்கிட்டம் புள்ள." சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பிஜு எல்லா மணியையும் ஜாடிக்குள் போட்டு மூடிவிட்டு, தானே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.

மதியம் இரண்டரைக்கு மேகம் திரண்டது. பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பூண்டு போட்டிருந்தவர் பேச்சியம்மாள். என் வயதுதான். எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை பார்த்துக்கொண்டே விவசாயமும் செய்கிறார். பறித்த பூண்டெல்லாம் வெளியே காய்ந்துகொண்டிருந்தது. நனைந்தால் அழுகிவிடும். "யாத்தே, மழை வருது! பூண்டு பூராம் வெளிய கெடக்கு, ஓடியாங்க!" என்று வேலிக்கு அந்தப்புறமிருந்து கத்தினார்.

"எத்தனை மணி கொடுப்பாங்க?" என்று எங்களில் ஒருவர் பழக்கத்தில் கேட்டுவிட்டார். என் வீட்டுக்காரர் அதற்குள் வேலியைத் தாண்டியிருந்தார். வேட்டி முள்ளில் மாட்டிக் கிழிந்ததுகூடத் தெரியாமல் ஓடினார். பின்னாலேயே நாங்கள் எல்லோரும். விஸ்வநாதன் சார் கூடையைத் தலையில் வைத்து ஓடியதை அவர் வீட்டில் சொன்னால் நம்ப மாட்டார்கள். நாற்பது நிமிஷத்தில் முழுவதையும் கொட்டகைக்குள் சேர்த்தோம். கடைசிக் கூடை உள்ளே போனதும் மழை கொட்டியது. போர்டு இல்லை, பட்டியல் இல்லை. சேறும் பூண்டு நாற்றமுமாக நின்ற என் வீட்டுக்காரரை அத்தனை சந்தோஷமாக நான் பல வருஷமாகப் பார்க்கவில்லை.

பேச்சியம்மாள் பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தார். "கூலி எம்புட்டு வேணும், சொல்லுங்க."

"அதெல்லாம் வேண்டாமுங்க" என்றார் இவர், பெருந்தன்மையாக.

"அப்பச் சரி. காலையில ஆறு மணிக்கு வந்துருங்க. பூண்டுத் தாள் அறுக்கணும்."

"இல்லீங்க, நாளைக்கு நாங்க ஊருக்கு..."

"கூலி வாங்கியிருந்தா கணக்கு இங்கனயே முடிஞ்சிருக்கும். நீங்கதான் வாங்கலையே. இனி எப்படி முடியும்?" என்று சிரித்தபடி டம்ளர்களை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போனோம். பதினொன்றரை வரை தாள் அறுத்தோம். 9.30 ஜீப்பை விட்டுவிட்டு 1 மணி ஜீப்பில்தான் இறங்க முடிந்தது. சின்னாறு தாண்டும்போது அவர் போனை எடுத்துக் கடிதத்தைத் திருத்தினார். வேலை இருக்கட்டும், விற்பனை வேண்டாம், குடோனுக்கு மாற்றுங்கள் என்று. மாதம் நாலாயிரம் குறையும். இரண்டு மாதம் கழித்து மாற்றிவிட்டார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். எங்களுக்குப் போக வர இருவருக்கும் சாப்பாடு உட்பட 1,150 ரூபாய் ஆயிற்று. செப்டம்பரில் போனாலும் ஸ்வெட்டர் வேண்டும். சின்னாறு செக்போஸ்டை இருட்டுவதற்குள் தாண்டிவிடுங்கள். பூண்டு கடையில் வாங்குவதைவிட நிலத்தில் கேட்டு வாங்குங்கள். தோட்டத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று பிஜு கேட்டுக்கொண்டார். இப்போது அங்கே கக்கூஸ் கழுவ முறை வைத்திருக்கிறார்களாம், பிஜுவும் சேர்த்து.

காசில்லாமல் மனிதர்கள் வேலை செய்வார்களா என்று கேட்டால், செய்வார்கள் என்றுதான் சொல்வேன். நாற்பது நிமிஷம் கண்ணால் பார்த்தேன். பதினொரு பேருக்கே பிஜு படும் பாட்டையும் பார்த்தேன். ஒரு ஊருக்கோ நாட்டுக்கோ இது நடக்குமா என்று எனக்குத் தெரியாது.

போன வாரம் பேச்சியம்மாள் போன் செய்தார். பீன்ஸ் நடப்போகிறாராம், ஆள் வேண்டுமாம். இவர் இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து பையை எடுத்தார். "கூலி எவ்வளவுங்க தருவாங்க?" என்று கேட்டேன். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு கொடியிலிருந்து என் புடவையையும் உருவி, மடித்துப் பைக்குள் வைத்தார்.