வருகைப் பட்டியலில் முதல் பேர்

சபையில் சாட்சி சொல்ல யாரும் எழும்பவில்லை என்றால் எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். வாயாடி என்று பேரெடுத்தவள் நான். காய்ச்சல் சுகமானதைச் சொல்லியிருக்கிறேன், மாடு கன்று போட்டதைக்கூடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இதைச் சொல்ல மட்டும் மூன்று வருஷமாக எனக்கு நா எழவில்லை. இதில் என் அவமானம் இருக்கிறது. இருந்தாலும் கர்த்தர் செய்ததை மறைத்து வைத்தால் அது அதைவிடப் பெரிய பாவம். அதனால் எழுதுகிறேன்.

ஐம்பத்துநாலாம் வருஷம் ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம், என் மூத்த மகள் பொன்மணியை ஓடை கொண்டுபோனது. அவளுக்கு ஒன்பது வயது.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். என் வீட்டுக்காரர் சூரியநெல்லிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் ஆட்களின் பேரைக் கூப்பிட்டு மஸ்டர் எடுப்பதும், யார் எந்தக் காட்டில் கொழுந்து பறிக்க வேண்டும் என்று பிரித்துவிடுவதும் அவர் வேலை. பிள்ளைகள் படிக்கக் கீழ் டிவிஷனில் ஓராசிரியர் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. நடுவில் ஓடை. ஓடைக்கு மேலே இரண்டு பலகை. பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது.

அன்று காலையில் பொன்மணி வயிற்றை வலிக்கிறது என்று சொன்னாள். சொல்வதெழுதுதல் இருந்ததால் பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். "படிக்காம கூடையத் தூக்கிட்டு கொழுந்து பறிக்கவா போற?" என்று சொல்லிச் சிலேட்டுப் பையைக் கையில் திணித்து, முதுகில் ஒன்று வைத்து அனுப்பினேன். நான் அவளோடு பேசின கடைசிப் பேச்சு அதுதான். மறுநாள் சாயங்காலம் அவளைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் முழுக்க எனக்கு ஒரே ஜெபம்தான். என் பிள்ளையைத் திருப்பித் தாரும். அடுப்பு ஊதும்போதும் அதே ஜெபம், துணி துவைக்கும்போதும் அதே ஜெபம். போதகர் ஒருநாள் மெல்ல, அப்படிக் கேட்கக் கூடாது அம்மா என்றார். நான் அவரோடு பேச்சையே நிறுத்திக்கொண்டேன். எனக்கு யார் புத்தி சொன்னாலும் ஆகாத காலம் அது. கல்லறைப் பக்கமும் போகவில்லை. போனால் அவள் அங்கே இருக்கிறாள் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று ஒரு நினைப்பு.

மறு வருஷம் ஜூன் வந்தது. எனக்கு மீதி இரண்டு பிள்ளைகள். எஸ்தருக்கு எட்டு வயது, ராகேலுக்கு ஆறு. இரண்டு பேரையும் அந்தப் பலகையைத் தாண்ட விடமாட்டேன் என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். நான் மிஷன் பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்தவள். வீட்டிலேயே பாடம் நடத்துகிறேன் என்றேன். வீட்டுக்காரர் சரி, ஒரு வருஷம் பார்ப்போம் என்றார்.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. முன்னறையில் பாயை விரித்து, சுளகில் மணலைப் பரப்பி, ராகேலுக்கு எழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தேன். எஸ்தருக்குத் தேயிலை விதையை வைத்துப் பெருக்கல். பழைய பிஸ்கட் டின்னை வெளியே வைத்து, கோடு கிழித்த குச்சியை விட்டு, ராத்திரி பெய்த மழை எத்தனை அங்குலம் என்று தினமும் அளப்பார்கள். பங்களாவில் துரை வைத்திருக்கும் மழைமானியும் எங்கள் டின்னும் ஒரே கணக்குக் காட்டினால் அன்றைக்கு இரண்டு பேருக்கும் தலைகால் புரியாது. காலில் ஏறின அட்டைகளில் உப்புப் போட்டு எத்தனை விழுந்தது, மீதி எத்தனை என்று கழித்தல்கூட நடத்தினேன். இதெல்லாம் கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஜன்னலை மட்டும் நான் திறக்கவே மாட்டேன். திறந்தால் ஓடைச் சத்தம் வரும். மூடியிருந்தாலும் வரும், என் காதுக்கு மட்டும்.

தப்பு எங்கே தொடங்கியது என்று சொல்கிறேன். பாடம் தொடங்குமுன் வீட்டுக்காரர் மஸ்டர் எடுக்கிற மாதிரியே நானும் எடுப்பேன். அவருடைய பழைய மஸ்டர் நோட்டில் மீதிப் பக்கம் இருந்தது. அதில் பேர் எழுதினேன். இரண்டு பேர் எழுத வேண்டிய இடத்தில் மூன்று எழுதினேன். பொன்மணி, எஸ்தர், ராகேல். மனம் கேட்கவில்லை. தினமும் காலையில் "பொன்மணி" என்று கூப்பிடுவேன். பதில் வராது. ஒரு மூச்சு பொறுத்திருந்து அடுத்த பேரைக் கூப்பிடுவேன். பிள்ளைகள் இரண்டும் தலையைக் குனிந்துகொண்டு இருக்கும்.

இரண்டாவது வாரம் திங்கட்கிழமை, "பொன்மணி" என்றேன்.

"உள்ளேன் அம்மா" என்று பதில் வந்தது.

சொன்னது ராகேல். கையைக் கட்டிக்கொண்டு, பொன்மணி நிற்கிற மாதிரியே ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாள். நான் அவளை அதட்டியிருக்க வேண்டும். தாயாக இருக்கிற எவளும் அதட்டியிருப்பாள். நான் அதட்டவில்லை. என் நெஞ்சுக்குள்ளே ஒரு வருஷமாக அடைத்திருந்தது ஒன்று சட்டென்று இளகியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மை அதுதான்.

அடுத்த பேர் எஸ்தர். அதற்கடுத்து "ராகேல்" என்றேன். யாரும் பதில் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாளும் அப்படியே நடந்தது. அதற்கு மறுநாள் டிரங்குப் பெட்டியைத் திறந்து பொன்மணியின் பாவாடையை எடுத்து மடித்துத் தைத்து ராகேலுக்குப் போட்டேன். பொன்மணியின் சிலேட்டையும் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தையும் கொடுத்தேன். ஆறு வயதுப் பிள்ளை அதைத் திக்கித் திக்கி வாசித்தது. எனக்கு அது பொன்மணியின் குரலாகவே கேட்டது. எஸ்தர் ஒருநாள், அம்மா அவ ராகேல்ம்மா என்றாள். நான் அவள் தொடையில் கிள்ளினேன். கன்றிப்போகிற அளவுக்குக் கிள்ளினேன்.

ராகேல் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்துப்போனது. ஒருநாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் கஞ்சி குடிக்க, "ராகேல், வா" என்று கூப்பிட்டார். பிள்ளை திரும்பவே இல்லை. நாலு தடவை கூப்பிட்டார். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சத்தம் போடுகிறவர் இல்லை அவர். கும்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஞானம், நமக்கு உசுரோட இருக்கது ரெண்டு பிள்ளைய. அதுல ஒண்ண நீ பொதைக்கப் பாக்க."

நான் சும்மா இருந்தேனா? என் ஜெபத்துக்குக் கர்த்தர் பதில் கொடுத்திருக்கிறார், அது உங்களுக்குப் பொறுக்கவில்லையா என்று கேட்டேன். அவர் குடிக்காமலே காட்டுக்குப் போய்விட்டார்.

அந்த வாரமே, புதன்கிழமை காலை. மூடுபனி இறங்கி வாசலில் நின்ற கொய்யா மரம்கூடத் தெரியவில்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நோட்டை எடுத்து முதல் பேரைக் கூப்பிட்டேன். பதில் வரவில்லை. பாயில் எஸ்தர் மட்டும் இருந்தாள். ஆணியில் தொங்கின சிலேட்டுப் பையைக் காணோம்.

எங்கே என்று கேட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போயிட்டா என்றாள் எஸ்தர்.

"யாருட்டீ போனது?"

"நீங்கதாம்மா சொல்லணும், யாருன்னு."

அன்பானவர்களே, எட்டு வயதுப் பிள்ளை என்னை அறைந்த அறை அது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். போன வருஷம் பொன்மணி போன அதே வழி, அதே மழைச் சேறு. நான் கத்திக்கொண்டே ஓடினேன். என்ன பேரைச் சொல்லிக் கத்துகிறேன் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பாதி வழியில் ஒரு வேரில் தடுக்கி விழுந்தேன். எழும்பப் பார்த்தால் முழங்கால் வரவில்லை. மறுபடியும் கத்தப் பார்த்தேன், தொண்டையும் அடைத்துப்போனது. காற்றுதான் வந்தது. எங்கே பார்த்தாலும் வெள்ளை. ஓடைச் சத்தம் மட்டும் எல்லாப் பக்கத்திலும் கேட்டது.

என் சத்தம் அடங்கின அந்த நேரத்தில்தான், இவ்வளவு நேரமும் நான் கத்தினது பொன்மணி, பொன்மணி என்று எனக்கே உறைத்தது. கர்த்தரிடம் ஒரு வருஷமாக நான் கேட்டது இதைத்தானே. திருப்பித் தாரும் என்று கேட்டேன். இன்றைக்கு இன்னொரு பொன்மணி, அதே பையோடு, அதே ஓடைக்குப் போகிறாள்.

அந்தச் சேற்றிலேயே முகம் குப்புற விழுந்தேன். எனக்கு நல்ல வார்த்தைகளெல்லாம் வரவில்லை. ஆண்டவரே, நான் கேட்டதைத் தராதேயும் என்றேன். பொன்மணி உம்முடையவள், நீரே வைத்துக்கொள்ளும். என் ராகேலை விட்டுவிடும். ஒரு வருஷமாக என் வாயில் வராத ஜெபம் அது. சொல்லி முடித்ததும் என் மூத்த மகள் என் கையைவிட்டுப் போகிறது எனக்குத் தெரிந்தது. வலித்தது. விட்டேன்.

தவழ்ந்தும் நடந்தும் முன்னால் போனேன். பலகையின் முனை காலில் தட்டியது. தொண்டையில் மிச்சமிருந்தது கொஞ்சூண்டு சத்தம்தான். பாயில் உட்கார்ந்து மஸ்டர் எடுப்பேனே, அந்த அளவுக்குத்தான் வந்தது. "ராகேல்" என்றேன்.

"உள்ளேன் அம்மா."

இரண்டு எட்டுத் தூரம்கூட இல்லை. பலகையின் நடுவில், பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்து நின்றாள். அவ்வளவு கிட்டத்தில் நான் கத்தியிருந்தால் திடுக்கிட்டுத் திரும்பியிருப்பாள். ஈரப் பலகை அது. அத்தனை இரைச்சலில் அந்தச் சின்னச் சத்தம் அவள் காதில் எப்படி விழுந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் தொண்டையை அடைத்தவர் யார் என்று மட்டும் தெரியும். திரும்பாமல் அப்படியே பின்னால் எட்டு வைத்து வரச் சொன்னேன். ஒவ்வொரு எட்டாக வந்தாள். பாவாடை நுனி கைக்கு எட்டினதும் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

நான் வாய் கிழியக் கூப்பிட்டேனே, ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க அக்காவத்தானம்மா தேடுனீங்க" என்றாள்.

ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டேன்.

"அக்காவக் கூட்டிட்டு வரலாம்னு வந்தேன். அவ வந்துட்டான்னா நான் ராகேலாவே இருந்துக்கிடலாம்லா."

அன்றைக்கு மத்தியானமே நானும் வீட்டுக்காரரும் இரண்டு பிள்ளைகளும் கல்லறைக்குப் போனோம். களை மண்டிக் கிடந்தது. எல்லாருமாகப் பிடுங்கினோம். அங்கே உட்கார்ந்து என் பிள்ளையைப் புதைத்த நாளில் நான் அழாத அழுகையை அழுதேன். முதுகில் அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். எஸ்தர் என் தோளைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவளிடமும் கேட்டேன்.

வீட்டுக்காரர் எஸ்டேட் ஆபீசுக்கு நடையாய் நடந்து பலகைக்குக் கைப்பிடிக் கம்பி போட வைத்தார். ஜூலை முதல் வாரம் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். மழைக்காலம் முழுக்க நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தேன். போதகரிடம் போய், நான் பேசாமல் இருந்ததற்கு மன்னியுங்கள் என்றேன்; அவருக்கு அதுவே பெரிய அற்புதமாகப் பட்டிருக்கும். ராகேல் இப்போது கொழுகொழுவென்று இருக்கிறாள். என்னைவிட வாயாடி.

எல்லாம் தீர்ந்துபோனது என்று பொய் சொல்ல மாட்டேன். ஜூன் மாதம் மழை பிடித்தால் இன்றைக்கும் அந்தச் சத்தம் என்னைத் தேடி வரும். ஓடையில் யாரோ என்னைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். அப்போது நான் எழும்பி, உயிரோடு இருக்கிற என் இரண்டு பிள்ளைகளின் பேரையும் சத்தமாகச் சொல்லி ஜெபிப்பேன். பயம் விலகும்.

உங்களில் யாராவது என்னைப்போல, போனவர்களைத் திருப்பிக் கேட்டு அழுதுகொண்டிருக்கலாம். உங்களை நான் குறை சொல்ல மாட்டேன். அழுங்கள், அவரிடமே அழுங்கள், அவர் முகம் சுளிக்க மாட்டார். ஆனால் அவர் இல்லை என்று சொன்னால் அதையும் நம்புங்கள். கேட்டதைக் கொடுத்தார் என்று சாட்சி சொல்ல நம் சபையில் எத்தனையோ பேர் உண்டு. நான் கேட்டதைக் கொடுக்காமல் என் பிள்ளையைக் காப்பாற்றின கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.